எரிச்சல் வந்தால் நச்சு வெளியேறுகிறது என்று அர்த்தமா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு 34 வயது. நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, வீட்டில் கடை சோப்பு, ஷாம்பு, கிரீம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இப்போது எங்கள் வீட்டில் எல்லாமே ஆர்கானிக்தான். கையால் செய்த சோப்பு ஒன்று 160 ரூபாய், நலங்கு மாவு கால் கிலோ 250 ரூபாய். மாமியாரையும் பழைய ஹேர் டையை நிறுத்தச் சொல்லி, ஹெர்பல் பிளாக் ஹென்னா வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் புதிதாக ஒருவரிடம் நலங்கு மாவு வாங்கினேன். காலையில் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டித்தான் மகளைப் பள்ளிக்கு அனுப்புவேன். வேன் வரும்வரை ரோட்டோரம் வெயிலில் நிற்பாள். நான்காம் நாள் கழுத்தும் முன்கையும் சிவந்து எரிகிறது என்றாள். இப்போது அந்த இடமெல்லாம் கருத்துக் கிடக்கிறது. முதுகிலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். "இத்தனை வருஷம் பூசின கெமிக்கல் நச்சு வெளிய வருதுங்க, நிறுத்திடாதீங்க" என்றார். கணவர் திட்டுகிறார். பழையபடி கடை சோப்புக்கே போய்விடவா? இயற்கை என்று சொல்வதெல்லாம் பொய்யா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த மாவை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம். நாளைக்கே குழந்தையை ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நச்சு வெளியே வருகிறது என்று அவர் சொன்னது பொய். உடம்புக்கு வேண்டாததை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தோல் சிவந்து எரிந்தால் தோலுக்கு ஏதோ கேடு நடக்கிறது என்றுதான் பொருள். இதே வசனத்தைப் பல ஊர்களிலிருந்து பலர் எனக்கு எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ஒரு குழந்தைக்கு எரிகிறது என்று தாய் வந்து சொன்ன பிறகும், தொடர்ந்து போடு என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கழுத்திலும் முன்கையிலும் இருக்கிறது, முதுகிலும் வயிற்றிலும் இல்லை. மாவை உடம்பு முழுக்கத்தானே தேய்த்திருப்பீர்கள்? அப்படியென்றால் வெயில் பட்ட இடம் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். கார்போகரிசி என்று எழுதியிருக்கிறதா?

கார்போகரிசி சின்னச் சின்னக் கறுப்பு விதை. எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வெண்புள்ளிக்குக் கொடுக்கிற முக்கியமான சரக்கு அது. அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், சாதாரண வெயிலே தோலைச் சுட்டுவிடும். முதலில் சிவக்கும், எரியும், சிலருக்குக் கொப்புளம் வரும். அப்புறம் அந்த இடம் கருத்துப் போய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட மறையாமல் இருக்கும். நிறத்தை வரவழைக்கிற இந்தக் குணத்துக்காகத்தான் வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில மருத்துவத்திலும் சோரலென் கொடுத்து, புற ஊதாக் கதிரை அளந்து காட்டும் சிகிச்சை இருக்கிறது. அளவு தெரிந்தவர் கையில் அது மருந்து. அதையே தினமும் பூசிவிட்டுக் குழந்தையை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்?

இது என் ஊகம்தான். உங்கள் பாக்கெட்டில் கார்போகரிசியே இல்லாமலும் இருக்கலாம், வேறு ஏதாவது சரக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது விற்கிற நலங்கு மாவுகளில் கார்போகரிசி சேர்ப்பது சகஜம். 21 மூலிகை, 30 மூலிகை என்று எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சரக்கு கூடக் கூட, ஒத்துக்கொள்ளாத ஒன்று அதில் இருப்பதற்கான வாய்ப்பும் கூடும். எங்கள் பாட்டி அரைத்த மாவில் பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் என்று ஐந்துதான் இருந்தன. அதுவும் எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும். அதில் கஸ்தூரி மஞ்சளையே இன்று நம்பி வாங்க முடியவில்லை. அசல் கஸ்தூரி மஞ்சளை இடித்தால் தூள் வெளிறின சந்தன நிறத்தில் இருக்கும், கற்பூர வாசனை தூக்கும். பளிச்சென்ற மஞ்சளில் கிடைப்பது பெரும்பாலும் வேறு கிழங்கு.

இயற்கை எல்லாம் பொய்யா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஆனால் இயற்கை என்கிற வார்த்தை ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று சொல்லாது. அது எங்கிருந்து வந்தது என்றுதான் சொல்லும். ஷாம்புவில் நுரை வருவதற்காகப் போடுகிற எஸ்எல்எஸ் என்றால் எல்லோரும் பயப்படுகிறோம். அதன் மூலப்பொருள் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயோ எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெயோதான். தேங்காய் எண்ணெயிலிருந்து செய்திருந்தால், தேங்காயிலிருந்து எடுத்தது என்று அதன் மேலும் எழுதலாம், அது பொய்யாகாது.

சோப்பைப் பற்றிச் சொல்கிறேன். பொள்ளாச்சி பக்கம் என் தோழி ஒருத்தி வீட்டில் சோப்பு செய்கிறாள். ஒருநாள் முழுக்கக் கூட இருந்து பார்த்தேன். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, திண்ணையில் வைத்துத் தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். அடுப்பே இல்லாமல் பாத்திரம் கை வைக்க முடியாத சூடாகிறது. அந்த ஆவி மூக்கை அறுக்கிறது. அது ஆறின பிறகு எண்ணெயோடு சேர்த்துக் கடைந்தால், மோர்க்குழம்பு பதத்துக்குக் கெட்டியாகும். அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, பலகையில் அடுக்கி நான்கிலிருந்து ஆறு வாரம் காய வைக்கிறாள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுசாகச் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அவள் அதில் ஐந்து சதவீதம் குறைத்துத்தான் போடுவாள், கொஞ்சம் எண்ணெய் சோப்பிலேயே தங்கட்டும் என்று. எடை போட்டதை மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் கலக்க மாட்டாள்.

காஸ்டிக் சோடா இல்லாமல் குளியல் சோப்புக் கட்டி கிடையாது. 160 ரூபாய் சோப்புக்கும் 30 ரூபாய் சோப்புக்கும் இது பொருந்தும். அளவு சரியாக இருந்தால், காய்ந்து முடிந்த சோப்பில் அது மிச்சம் இருக்காது. முழுக்கச் சோப்பாக மாறியிருக்கும். அதனால் ஒருவர் என் சோப்பில் கெமிக்கலே கிடையாது என்று சொன்னால், ஒன்று அவருக்குத் தன் தொழில் தெரியவில்லை, இல்லை நம்மிடம் மறைக்கிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவரிடம் நான் வாங்க மாட்டேன். என் தோழி "ஆமா, காஸ்டிக் சோடாதான்" என்று சொல்லி, அளவு எழுதின நோட்டை எடுத்துக் காட்டுவாள். அவளிடம் வாங்குகிறேன்.

ஆனால் அவள் சோப்பும் காரம்தான். அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச் அளவு எந்தச் சோப்பிலும் 9, 10 என்று இருக்கும். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, 5க்குப் பக்கத்தில். ரொம்ப வறண்ட தோல், கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் சோப்பே இல்லாத சின்டெட் பார் எழுதித் தருகிறார்கள். அது முழுக்கத் தொழிற்சாலைச் சரக்கு. உங்கள் மகளுக்கு அப்படி எழுதிக் கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள், நம் கொள்கை கெட்டுவிட்டதே என்று நினைக்காதீர்கள். கடை சோப்புதான் என்று முடிவு செய்தால் உறையில் டிஎஃப்எம் எவ்வளவு என்று பாருங்கள். அது சோப்பில் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்கிற கணக்கு. முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். பாத்திங் பார் என்று போட்டிருந்தால் அது வேறு வகை, அதில் குறைவாகத்தான் இருக்கும்.

பாரபென் என்பது கிரீம், ஷாம்பு கெடாமல் இருக்கப் போடுகிற பொருள். அது இல்லாதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குகிற பழக்கமும் உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருந்தது. 2004ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. மார்பகக் கட்டிகளின் திசுவில் பாரபென் இருந்தது என்று சொன்னது. அதனால்தான் கட்டி வந்தது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. ஆனால் பயம் பரவிவிட்டது. நிறுவனங்கள் பாரபெனை எடுத்துவிட்டு வேறு பொருள்களைப் போட ஆரம்பித்தன. அதில் ஒன்று மெதில்ஐசோதயசோலினோன். அது பாரபெனைவிடப் பல மடங்கு ஒவ்வாமை கிளப்பியது. தொடர்பு ஒவ்வாமையைப் பார்க்கிற அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் 2013ல் அதை அந்த வருடத்தின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடுகிற கிரீம், லோஷன்களில் அது கூடாது என்று ஐரோப்பா 2017ல் தடை கொண்டுவந்தது. அதே சங்கம் 2019ல் பாரபெனைத்தான் ஒவ்வாமை தராத பொருள் என்று எடுத்துச் சொன்னது. பாரபென் எல்லாமே சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அதில் சில வகைகளை ஐரோப்பாவே 2014ல் தடுத்துவிட்டது. இல்லை என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, அதற்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சேர்ந்த எதுவும் கெடும். மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் நிற்கிற கற்றாழை ஜெல்லில் கெடாமல் வைக்கிற பொருள் கண்டிப்பாக இருக்கும், இருக்கவும் வேண்டும், இல்லையென்றால் கிருமி வளரும். பச்சைப் பசேலென்று இருப்பதும் சாயம்தான், கற்றாழைச் சோற்றுக்கு நிறம் கிடையாது. கொல்லையில் கற்றாழை இருந்தால் மடலை வெட்டி, மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு சோற்றை எடுத்து ஏழெட்டுத் தண்ணீரில் அலசுங்கள். அந்தப் பால் அரிக்கும். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் விஷயம் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. நம் கையில் எப்படிச் சிவக்கிறதோ, அப்படித்தான் நரைமுடியிலும் செம்பட்டையாகப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்குகிற ஹெர்பல் பிளாக் ஹென்னாவில் பெரும்பாலும் பிபிடி என்ற சாயப் பொருள் இருக்கும், முழுப் பெயர் பாராஃபினிலின்டையமின். நீங்கள் நிறுத்தச் சொன்ன பழைய டையிலும் அநேகமாக அதேதான் இருந்திருக்கும். சிலருக்கு அது கண், முகமெல்லாம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும், பல தடவை போட்டும் ஒன்றும் ஆகாதவர்களுக்குத் திடீரென்று ஒருநாள் வரும். பெட்டியில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அவருக்குக் கறுப்புதான் வேண்டும் என்றால், முதல்நாள் வெறும் மருதாணிப் பொடி, அலசிவிட்டு மறுநாள் அவுரிப் பொடி. நேரம் பிடிக்கும், ஆனால் கறுப்பு வரும். அவுரியையும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போட வேண்டும்.

கடைப் பொருள்களில் ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்: முகத்தை வெள்ளையாக்குகிறேன் என்று வருகிற, தயாரிப்பாளர் முகவரி இல்லாத கிரீம். 2023ல் மலப்புரம் பக்கம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசிவந்ததைக் கண்டுபிடித்தார்கள். காரணம் பாதரசம்.

சரி, என்ன வாங்குவது? ஆர்கானிக் என்கிற எழுத்துக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். அரிசி, பருப்புக்கு அரசின் ஆர்கானிக் முத்திரை இருக்கிறது, சோப்புக்கு அப்படி ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் ஆர்கானிக் என்று எழுதிக்கொள்ளலாம். உறையில் சேர்மானப் பட்டியல், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, முகவரி இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த நலங்கு மாவுப் பாக்கெட்டில் இவற்றில் எத்தனை இருந்தன?

இயற்கையை விட்டுவிடவும் வேண்டாம். தலைக்குச் சீயக்காய் நல்ல பொருள். அதில் இருக்கிற சபோனின் அழுக்கை எடுக்கும், சோப்பு மாதிரி காரம் கிடையாது. காயாக வாங்கி, வெயிலில் காயவைத்து, வெந்தயம், பச்சைப்பயறு சேர்த்து மில்லில் அரைத்து வையுங்கள். கண்ணில் மட்டும் படக் கூடாது. உடம்பு தேய்க்கப் பச்சைப்பயறு மாவு, தோல் வறண்டால் தேங்காய் எண்ணெய். எங்கள் வீட்டில் இவ்வளவுதான், கூட என் தோழியின் சோப்பு. மாதச் செலவு முன்னைவிடக் குறைந்திருக்கிறது. குழந்தைக்குத் தோல் ஆறும்வரை இது எதுவும் வேண்டாம், மருத்துவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள். வேன் வரும்வரை அவளை நிழலில் நிறுத்துங்கள், முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

கோபத்தில் அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மீதி மாவோடு அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா