பெயரில்லாத மாத்திரைக் கவர்: மருந்துக்கடைக் கேள்வி-பதில்

இந்த வாரம் மருந்துக்கடை பற்றிய கடிதங்கள் மட்டும். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: 15 மாத்திரை உள்ள அட்டையின் விலை 90 ரூபாய். ஐந்து மட்டும் கேட்டேன். "வெட்டிக் கொடுத்தால் 40" என்றார்கள். சரியா?
– புதுவயல் வாசகர்

30 ரூபாய்தான். சில்லறையாக வெட்டிக் கொடுத்தாலும் அட்டை விலையைப் பங்கிட்டால் வருகிற தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. அச்சிட்ட விலைக்குள் வரியும் அடக்கம். மேலே ஜிஎஸ்டி சேர்த்தால் அதுவும் தவறு. பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) காலாவதி மாதமும் பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் இருக்கும், உங்களுக்கு வெட்டித் தரும் துண்டில் அது வராது. வெட்டுவதற்கு முன் முழு அட்டையையும் வாங்கிப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவர் எழுதிய சீட்டில் கையெழுத்தும் தேதியும் இல்லை என்று சொல்லி மருந்து தர மறுத்துவிட்டார் கடைக்காரர். எங்கே புகார் செய்வது?
– கோட்டையூர் வாசகர்

எங்கேயும் இல்லை. அவர் செய்ததுதான் சட்டம்.

கேள்வி: காய்ச்சல், கைகால் குடைச்சல் என்று மருந்துக்கடையில் சொன்னேன். மூன்று வேளைக்கு மாத்திரை வெட்டி, சின்னக் கவரில் போட்டு 60 ரூபாய் வாங்கினார்கள். பில் இல்லை. ஒரே வேளையில் வலி போய்விட்டது. மறுநாள் பார்த்தால் சர்க்கரை 310. எனக்கு எப்போதும் 160ஐத் தாண்டாது. என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
– பள்ளத்தூர் ஆச்சி

ஆச்சி, முதலில் உடம்பைப் பாருங்கள். மீந்த மாத்திரைகளைச் சாப்பிட வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். கவரோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், "ஸ்டீராய்டு இருந்திருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். வாந்தி, அடங்காத தாகம், கண் சொருகும் அசதி இருந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்தக் கவரைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. உடம்புவலி என்றதும் கட்டித் தரும் கவரில் வழக்கமாக இருப்பவை இவை: ஒரு பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போல ஒரு வலிமாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, சில சமயம் ஓர் ஆன்டிபயாட்டிக், கூடவே பொடியாக ஒரு மாத்திரை. அந்தப் பொடி மாத்திரை பல நேரம் டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. "அந்தக் கடைக்காரர் கை ராசி" என்று ஊரில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதன் வேலை. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும், கிருமியைக் கொல்லாது. ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும், இன்சுலினை வேலை செய்ய விடாது. சர்க்கரை நோயாளிக்கு அளவு ஒரே நாளில் இரட்டிப்பாவது இதனால்தான். வலிமாத்திரை வயிற்றுப்புண் உள்ளவருக்கு ரத்தக்கசிவைக் கொண்டுவரும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதை மேலும் கெடுக்கும். மூன்று வேளையோடு நிற்கும் ஆன்டிபயாட்டிக் நோயைத் தீர்க்காது. கிருமிக்கு அந்த மருந்தைத் தாங்கும் பழக்கத்தைத்தான் கொடுக்கும்.

டைக்ளோஃபெனாக் மாத்திரை, ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக் மூன்றும் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை எச் அல்லது எச்1க்குள் வருபவை. அட்டையில் ஆர்எக்ஸ் என்ற குறி இருக்கும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றைச் சில்லறையில் விற்க விதி 65 இடம் தரவில்லை. சீட்டு இருந்தாலும், பதிவு பெற்ற மருந்தாளுநர் தன் கையால் கொடுக்க வேண்டும், அல்லது அவர் நேரில் மேற்பார்க்க வேறொருவர் கொடுக்க வேண்டும். உரிமத்தைப் பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பட்டையும் அணிந்திருக்க வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள். "மருந்தாளுநர் யார், இருக்கிறாரா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. மாத்திரையை எப்போது, எதோடு சாப்பிடுவது என்று உங்களுக்குச் சொல்வதும் அவர் வேலைதான்.

அடுத்தது பில். அதில் கடையின் பெயர், முகவரி, உரிம எண், பில் வரிசை எண், தேதி, மருந்தின் பெயர், எண்ணிக்கை இருக்க வேண்டும். சீட்டுக்குக் கொடுக்கும் எச் வகை மருந்து என்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி மாதம் ஆகியவையும் பதிவாக வேண்டும். பேட்ச் எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கும் அளவோ 0.1தான். இப்படி ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லும்போது, வீட்டில் இருப்பது அதுதானா என்று பாட்டிலை வைத்தோ பில்லை வைத்தோதான் பார்க்க முடியும். காகிதக் கவரில் எதைப் பார்ப்பது?

இனிக் காய்ச்சலுக்குக் கடைக்குப் போனால் பாராசிட்டமாலை மட்டும், பெயர் தெரியும் அட்டையில் வாங்குங்கள். இரண்டு நாளில் தணியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

கேள்வி: மருத்துவர் எழுதிய பிராண்டு இல்லை, "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று வேறு கொடுத்தார்கள்.
– தேவகோட்டை வாசகி

எச் வகையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கடைக்காரர் தாமாகக் கொடுக்க விதி 65 அனுமதிக்கவில்லை, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே ஆனாலும். மருத்துவருக்கு அங்கிருந்தே போன் செய்து, அவர் சரி என்றால் சீட்டில் திருத்தி வாங்குங்கள். இதைவிட நல்ல வழி, எழுதும்போதே மருந்தின் மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்வது. அந்தச் சீட்டோடு, மூலப்பெயர் மருந்துகளை மலிவாக விற்கும் மக்கள் மருந்தகத்துக்கும் போகலாம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்துக்கும் போகலாம். மாதாமாதம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வாங்குகிற வீட்டில் செலவு கண்கூடாகக் குறையும்.

கேள்வி: அப்பத்தாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. சீட்டு எட்டு மாதம் பழையது. இத்தனை நாள் கொடுத்த கடையில் இப்போது "புதுச்சீட்டு கொண்டு வா" என்கிறார்கள்.
– கண்டனூர் வாசகர்

திரும்ப வாங்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கொடுத்ததும் கடைப் பெயர், முகவரி, தேதியைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை "மாதம் 30 வீதம், மூன்று மாதங்களுக்கு" என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் அலைய வேண்டியிருக்காது. எட்டு மாதமாக ஒரு முறைகூட அழுத்தம் பார்க்கவில்லை என்றால் அது வேறு கவலை. பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து பாருங்கள், ஒரே அளவு மாத்திரை எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. கடைக்குப் போகும்போது மாத்திரை முழுவதும் தீர்ந்திருக்கவும் கூடாது, அழுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

கேள்வி: காரைக்குடியில் இன்சுலின் வாங்கி, வண்டி டிக்கியில் வைத்துவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் மாலையில்தான் வீடு வந்தேன். மருந்து திட்டுத்திட்டாக இருக்கிறது. கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

போகலாம், தோற்பீர்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. மே மாத வெயிலில் நம் ஊர் வண்டி டிக்கிக்குள் என்ன சூடு இருக்கும் என்று கை வைத்துப் பார்த்தாலே தெரியும். கடையை விட்டு வெளியே போன குளிர்மருந்தை அவர் திரும்ப எடுத்து இன்னொருவருக்கு விற்றால்தான் அது குற்றம். அந்த மருந்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள், வேறு வாங்குங்கள்.

வாங்கும்போது கடையின் பிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள், மேசை மேலிருந்து எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி, இன்சுலின் அதில் நேரே படாமல் வைத்து எடுத்துவாருங்கள். உறைந்துபோனாலும் கெட்டதுதான். பிரிட்ஜில் கதவுத் தட்டும் வேண்டாம், மேலே உறைபெட்டியை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டு சரி. பிரித்துப் பயன்படுத்தும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே, பொதுவாக 28 நாள் வரை வைத்திருக்கலாம், பெட்டியில் போட்டிருக்கும் நாள்கணக்கைப் பாருங்கள். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் ஈரமணலில் வைத்த மண்பானை உதவும். ஆனால் பிரிக்காத மருந்தை மாதக்கணக்கில் வைக்க அது போதாது.

கேள்வி: தூக்க மாத்திரை வாங்கினால் என் பெயர், மருத்துவர் பெயர் எல்லாம் நோட்டில் எழுதுகிறார்கள். எதற்கு?
– திருப்பத்தூர் வாசகி

அல்பிரசோலம் போன்றவை அட்டவணை எச்1. 2014 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள விதி இது: மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எழுதாமல் கொடுக்கும் கடையைக் கண்டுதான் நீங்கள் பயப்பட வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன், அங்குள்ள மருத்துவர் எழுதிய சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். காரைக்குடியில் தர மாட்டேன் என்கிறார்கள்.
– ஆத்தங்குடி வாசகர்

இந்தியாவில் பதிவு பெறாத மருத்துவரின் சீட்டு இங்கே செல்லாது. உள்ளூர் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது என்பது குற்றமில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, இங்குள்ள பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டின் படத்தை அனுப்பலாம். இன்னும் கடுமையான கட்டுப்பாடுள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தில் வருபவற்றையும் மட்டும் அந்த வழியில் எழுதக் கூடாது.

கேள்வி: பெட்டிக்கடையில் பாராசிட்டமால் விற்கிறார்கள். சட்டப்படி சரியா?
– கல்லல் பக்கத்துக் கிராமத்து வாசகர்

மக்கள்தொகை 1000க்கு மேல் போகாத ஊரில் பாராசிட்டமால், வலித்தைலம் போன்ற சிலவற்றை உரிமம் இல்லாமல் விற்கலாம், பிரிக்காத பொதியில். அந்தப் பட்டியலில் இல்லாத மாத்திரையை விற்றால் தவறு.

கேள்வி: "90 நாளில் சர்க்கரை நோய் அடியோடு போகும்" என்று போனில் விளம்பரம் வந்தது. 4,800 ரூபாய்க்குச் சூரணம் வரவழைத்தேன். பாட்டிலில் தயாரித்தவர் முகவரிகூட இல்லை.
– நாச்சியாபுரம் வாசகர்

முகவரி பார்க்காமல் 4,800 ரூபாயை அனுப்பியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஏமாற்றியவர் குற்றம் உங்களுடையதைவிடப் பெரிது. நீரிழிவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் விலக்குகிறது. சித்த மருந்தானாலும் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், சேர்மானங்கள், தயாரித்தவர் முகவரி எல்லாம் பாட்டிலில் இருக்க வேண்டும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போன வங்கிப் பதிவோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் கொடுங்கள். சூரணத்தைச் சாப்பிடாதீர்கள், வழக்கமான மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மாத்திரை அட்டையில் "தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று" என்று இருக்கிறது. கடையில் காசு வாங்கினார்கள்.
– சிங்கம்புணரி வாசகர்

அரசு வழங்கல் மருந்தையும், மருத்துவருக்கான இலவச மாதிரியையும் விற்பது மட்டுமல்ல, கடையில் வைத்திருப்பதே தவறு. அட்டையோடு மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள்.

கேள்வி: இரண்டரை வயதுப் பேரனுக்கு வாங்கிய சளி மருந்து காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. இரண்டு வேளை கொடுத்த பிறகுதான் மருமகள் பார்த்தாள். கடையில் கேட்டால் "ஒன்றும் ஆகாது, விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது என்று பில்லில் போட்டிருக்கிறதே" என்கிறார்கள்.
– காரைக்குடி ஆச்சி

"ஒன்றும் ஆகாது" என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? பிள்ளையை முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், பாட்டிலையும் கொண்டுபோங்கள். அதில் குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்திருந்தால், நான்கு வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கவே கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலாவதி மாதம் என்றால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை. அதன் பிறகு விற்கக் கூடாது, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதித் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். பில்லில் என்ன அச்சடித்தாலும் இது மாறாது. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், பணம் தருகிறேன் என்றாலும். அதுதான் உங்கள் சாட்சி. மூடி, அட்டைப்பெட்டி, மீந்த மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பேட்ச் எண், காலாவதி, விலை தெரியும்படி படம் எடுங்கள். வாங்கிய நேரம், கொடுத்த அளவு, பிள்ளைக்கு என்ன ஆனது என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள். அதன் பிறகு சிவகங்கை மாவட்ட மருந்து ஆய்வாளருக்குப் புகாரும் நகல்களும், ஒப்புகை கிடைக்கும் தபாலில். விற்பனை உரிமத்தை நிறுத்தி வைக்கும் நடவடிக்கை அந்தத் துறை வழியாகத்தான். இழப்பீடு வேண்டுமென்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

உங்களிடம் பில் இருப்பது நல்லது. பில் இல்லாமல் ரத்த அழுத்தக் கருவி வாங்கி, பழுதானபோது கேட்க நாதியில்லாமல் நின்றவன் என்ற முறையில் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பில் கிடைக்காவிட்டால் போனில் பணம் அனுப்புங்கள். கடையின் பெயரும் நேரமும் அதிலாவது நிற்கும். ஆச்சி, மனுவை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.