கலர் கண்ணாடிக்கு நடுவே கறுப்புக் கோடு

கேள்வி: மகன் சிட்னியில் ஹேபர்ஃபீல்டு பகுதியில் இருக்கிறான். போயிருந்தபோது பார்த்தேன், தெரு முழுக்கப் பழைய வீடுகள், முன் ஜன்னலெல்லாம் கலர் கண்ணாடியில் பூவும் குருவியும், துண்டுக்குத் துண்டு நடுவே கறுப்புக் கோடு. காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டு நிலைக்கு மேலேயும் கலர் கண்ணாடி உண்டு. இரண்டும் ஒன்றா? அதில் ஒரு சிவப்புத் துண்டு ஆடுகிறது, பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிடலாம் என்கிறார் ஆசாரி.
- வாசகி, மதுரை

பதில்: ஒன்றில்லை அம்மா. அந்தக் கறுப்புக் கோடு ஈயம். இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள பட்டை, பக்கத்துக்கு ஒரு கண்ணாடி செருகி, பட்டைகள் சேரும் முனையில் மட்டும் பற்றவைத்து, அப்புறம் ஆளிவிதை எண்ணெய் கலந்த மக்கை, அதாவது புட்டியை, சந்தெல்லாம் தேய்த்து அடைப்பார்கள். அடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும், காற்றடித்தால் கண்ணாடி கடகடக்கும். ஹேபர்ஃபீல்டு 1901ல் ரிச்சர்ட் ஸ்டான்டன் என்பவர் மனை பிரித்து உருவாக்கிய புறநகர். அந்தக் காலத்து ஆஸ்திரேலிய வீடுகளில் அவர்கள் ஊர் வரட்டா பூவையும் குக்கபுரா என்ற பறவையையும் கண்ணாடியில் வைப்பது வழக்கம். நீங்கள் பார்த்த குருவி குக்கபுராவாக இருந்தால், அது நம் கண்மாய்க்கரை மீன்கொத்திக்குப் பெரியப்பா மகன்!

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் ஈயம் கிடையாது, தேக்குச் சட்டத்தில் கண்ணாடியை வைத்து ரீப்பர், அதாவது மெல்லிய மரப்பட்டை, அடித்திருப்பார்கள். அதனால் உங்கள் வேலை சுலபம். ரீப்பரை உடையாமல் நெம்பி எடுத்து, அதே கண்ணாடியைத் திரும்ப உட்கார வைத்தால் போதும். கழற்றும்போது ஓரத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பழைய சிவப்புக் கண்ணாடி பலதும் உள்ளே நிறமில்லாத கண்ணாடிதான், மேலே வெங்காயத் தோல் மாதிரி ஒரு சிவப்புப் படலம் மட்டும் இருக்கும். முழுக்கச் சிவப்பாக வார்த்தால் வெளிச்சமே வராது என்று அப்படிச் செய்தார்கள். இதைப் போய்த் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக்கா? ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். துண்டு உடைந்தே போனாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் முதலில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சர்ச்சில் ஈயம் வைத்த ஜன்னல் வயிறு தள்ளி நிற்கிறது. பழைய கண்ணாடி உருகி இறங்கும் என்கிறார்களே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கண்ணாடி இறங்காது சார், அது கட்டுக்கதை. தளர்ந்தது ஈயம். பகல் வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கி, கூடவே கண்ணாடி பாரத்தையும் பல வருஷம் தாங்கினால் அது தொய்யத்தான் செய்யும். குறுக்கே ஓர் இரும்புக் கம்பி போகும், ஜன்னலை அதோடு செம்புக் கம்பியால் கட்டியிருப்பார்கள், அந்தக் கட்டு அறுந்திருக்கிறதா பாருங்கள். கையால் தள்ளி நேராக்க வேண்டாம், கண்ணாடி தெறித்துவிடும். ஈயத்தை உப்புத்தாள் போட்டும் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி விஷம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.