திவால் மனு கொடுத்தவரைத் திருமணம் செய்தால் அவருடைய கடன் என் தலையில் விழுமா?

விழாது. நீங்களாகக் கையெழுத்துப் போட்டுத் தலையைக் கொடுத்தால் ஒழிய.

பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள், அதனால் மீதியை நானே யூகித்துக்கொள்கிறேன். நிச்சயம் ஆகிவிட்டது, அல்லது ஆகப்போகிறது. விஷயத்தை அவர் உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மறைத்துக் கட்டிக்கொள்பவருக்குச் சொல்லிவிட்டுக் கேட்பவர் எவ்வளவோ மேல். இப்படிச் சொன்னால், கடன்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று கீழே நாலு பேர் எழுதுவார்கள். எழுதட்டும். நான் கட்டிக்கொண்டவரும் அப்படித்தான்.

கூட்டாளியோடு அவர் நடத்திய தொழில் படுத்தது எங்கள் திருமணத்துக்கு முன்பு. கடன் முழுக்க அவர் பெயரில். கூட்டாளி நைசாகக் கழன்றுகொண்டார். கல்யாணம் ஆன பிறகுதான் வசூல் ஆட்களுக்கு என் ஞாபகம் வந்தது. "நீங்களும் சம்பாதிக்கிறீங்க இல்ல மேடம், குடும்பம்னா சேர்ந்துதானே கட்டணும்" என்று என் அலுவலகத்துக்கே போன். பிறகு கடன் கொடுத்த இடத்திலிருந்து ரொம்ப மரியாதையாகக் கூப்பிட்டார்கள். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி, கடனை மாற்றி எழுதித் தருகிறோம், இரண்டு பேரும் வாருங்கள் என்றார்கள்.

போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தை என் கணவரிடம் கொடுக்கவில்லை, என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்து விழவேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தயாராக வைத்திருந்தார். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானாம். குறிக்கு மேலே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: இணைக் கடனாளி.

"இவர் கட்டாவிட்டால் என்னிடம் கேட்பீர்களா?"

"அந்த நிலைமை வராது மேடம்."

"அப்போ என் கையெழுத்து எதுக்கு?"

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

நான் போடவில்லை. கணவருக்கு முகம் சுண்டிப்போயிற்று, வெளியே வந்தும் பேசவில்லை. பின்னால் அவர் மட்டும் திவால் மனு கொடுத்தார். அந்தக் காலம் முழுக்க என் சம்பளத்தில் வீடு ஓடியது. என் சேமிப்பில் ஒருவரும் கை வைக்க முடியவில்லை. புருஷனுக்கு உதவாத பெண்டாட்டி என்று பேசியவர்களுக்கும் சேர்த்துத்தான் சமைத்துப் போட்டேன்.

நான் வக்கீல் இல்லை, ஆனால் அப்போது தேடித்தேடிப் படித்தேன். இணைக் கடனாளி என்றாலும் ஜாமீன்தாரர் என்றாலும் பொறுப்பு பாதியோடு நிற்காது, முழுக் கடனுக்கும் உண்டு. ஜாமீன்தாரர் விஷயத்தில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 128ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. அதைவிடக் கொடுமை, கடன் வாங்கியவரைத் திவால் நீதிமன்றம் விடுவித்தாலும் ஜாமீன் போட்டவருக்கு விடுதலை கிடையாது. இங்கிலாந்து, அமெரிக்கா என்று எங்கே போனாலும் இதுதான்.

கல்யாணத்துக்கு முந்தைய கடன் பொதுவாக வாங்கியவரோடு நின்றுவிடும். ஆனால் கலிபோர்னியா, டெக்சஸ் உட்பட அமெரிக்காவின் 9 மாநிலங்களில் மண வாழ்க்கையில் சேரும் சொத்து இருவருக்கும் பொது. கலிபோர்னியாவில் பழைய கடனுக்குக்கூட அந்தப் பொதுச் சொத்தைத் தொடலாம். கணவர் எடுக்க முடியாத தனிக் கணக்கில் மனைவி போட்டுவைக்கும் சம்பளம் தப்பிக்கும். இன்னொன்று, அமெரிக்காவில் ஒருவர் மட்டும் மனு கொடுத்தாலும், சேர்ந்து வாழ்ந்தால் மற்றவர் வருமானத்தையும் காட்டச் சொல்வார்கள். கடன் உங்களுடையது ஆகாது, ஆனால் அவருக்குக் கிடைக்கும் சலுகை குறையலாம். அதனால் அங்கே மனுவுக்கு முன்னால் கல்யாணமா, பின்னாலா என்பதை யோசித்தே ஆகவேண்டும்.

சொத்தை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று யாராவது பெரியவர் யோசனை சொல்வார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் திவால் மனுவுக்கு முந்தைய 5 ஆண்டு வரை தோண்டி, சும்மா எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வைக்கலாம். கடன் கொடுத்தவரை ஏமாற்ற மாற்றிய சொத்து செல்லாமல் போக இந்தியாவின் 1882 சொத்து மாற்றுச் சட்டத்திலும் வழி இருக்கிறது. இருவர் பெயரிலும் வீடு இருந்தால் உங்கள் பங்கு உங்களுடையது. அவர் பங்குக்காக வீட்டையே விற்கச் சொல்லும் நிலை வரலாம்.

இதை எழுதும்போது என் கொழுந்தன் நினைவுதான் வருகிறது. தொழில் ஓடிய காலத்தில் அவன் படிப்புச் செலவு முழுக்க என் கணவருடையது. அண்ணன் நொடித்துப்போன பிறகு ஒரு போன் கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறான். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் கடன்களின் பட்டியலையும் ஒவ்வொரு கடன் பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். தொகையைப் பார்க்கும் முன் ஜாமீன் போட்டது யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் வருங்கால மாமியார் பெயர் இருந்தால், மகன் கடனிலிருந்து விடுபட்ட பிறகும் வசூல் ஆள் அம்மாவைத் தேடி அதே வீட்டுக்கு வருவான். அப்போது கதவைத் திறக்கப்போவது நீங்கள்தான்.