பனிக்காலத்தில் டிராக்டர் வழுக்காமலிருக்க டயரில் என்ன மாற்றம் செய்யலாம்?

நீங்கள் கேள்வியில் சொல்லியிருப்பது லோடர் (முன்பக்கம் அள்ளித் தூக்கும் வாளி) பூட்டிய, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய டிராக்டர். ஆர்-4 ரக (தொழிற்பணிக்கான) டயர். பனி தள்ளும்போதும் சரிவில் இறங்கும்போதும் வழுக்குகிறது. டயரின் ரப்பர் கட்டைகளில் வெட்டுப் போடலாமா, ஸ்குரூ ஏற்றலாமா என்பது சந்தேகம். இரண்டும் செய்யலாம். ஆனால் பனி தள்ளும்போது வழுக்குவதும் சரிவில் வழுக்குவதும் வெவ்வேறு பிரச்சினைகள். அதைப் பிரித்துப் பார்க்காமல் கத்தியை எடுத்தால் டயர்தான் வீணாகும்.

இறுகிய பனியில் ரப்பரின் உராய்வுக் கெழு, அதாவது பிடியைக் காட்டும் எண், சுமார் 0.2 முதல் 0.3 வரை. ஐஸில் 0.1 அளவு. ஐஸ் உருகத் தொடங்கி மேலே நீர்ப்படலம் வந்துவிட்டால் 0.05 வரைகூட இறங்கிவிடும். அதனால்தான் கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாட்கள் ஆபத்தானவை. கெழு 0.1 என்றால், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் நான்கு சக்கரங்களும் பூட்டி நின்றாலும் வண்டி நழுவத் தொடங்கும். இங்கே எடை ஏற்றிப் பயனில்லை. எடை கூடினால் பிடி எவ்வளவு கூடுகிறதோ, வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடும். சமதளத்தில் பனியைத் தள்ள எடை உதவும். ஐஸ் சரிவில் நிற்க, ஐஸைக் கடிக்கும் இரும்பு வேண்டும்.

ஆர்-4 டயரின் குறை அதன் வடிவத்திலேயே இருக்கிறது. கட்டைகள் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், ரப்பர் தேய்மானத்துக்காகக் கடினமாகச் செய்யப்பட்டிருக்கும். பனியைப் பிடிக்க விளிம்புகள் வேண்டும். இதில் விளிம்புகள் குறைவு. வயல்வேலைக்கான ஆர்-1 டயர் ஆழமான புதுப்பனியில் நன்றாகவே போகும், ஐஸில் மோசம். புல்வெளிக்கான ஆர்-3 டயரில் சின்னச் சின்னக் கட்டைகள் நிறைய இருப்பதால், இறுகிய பனியில் அது பலர் நினைப்பதைவிட நன்றாகப் பிடிக்கும்.

வெட்டுப் போடுவது, அந்த இல்லாத விளிம்புகளை உண்டாக்கும் வேலை. சூடேறும் பிளேடு கொண்ட டயர் குரூவர் கருவியில், அடிப்பக்கம் வளைந்த, 6 மி.மீ. அளவு அகலமுள்ள பிளேடைப் போடுங்கள். வி வடிவ வெட்டு வேண்டாம், அதன் கூர்முனையிலிருந்துதான் விரிசல் ஓடும். முதலில் கட்டையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வெட்டின் ஆழம் அதில் பாதியைத் தாண்டக் கூடாது, 25 மி.மீ. கட்டை என்றால் 12 மி.மீ. போதும். ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் 30 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள், கட்டையின் இரு முனைகளிலும் 15 மி.மீ. தொடாமல் விடுங்கள். நெருக்கமாக வெட்டிய கட்டைகள் கோடையில் சரளைக்கல் மேல் ஓடும்போது துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். ரப்பர் கருகும் புகை வரும் என்பதால் திறந்தவெளியில் செய்ய வேண்டிய வேலை இது.

வெட்டின் திசையைப் பலர் கவனிப்பதில்லை. அச்சுக்கு இணையான வெட்டு முன்னே இழுக்கவும் நிறுத்தவும் உதவும். வண்டி ஓடும் திசையிலேயே போகும் வெட்டு, பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும். பனி தள்ளும் இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்துத் தள்ளும்போது வண்டியின் மூக்கு ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போவது பக்கவாட்டுப் பிடி போதாததால்தான். ஆகவே பின்டயருக்கு அச்சுக்கு இணையான வெட்டு, முன்டயருக்கு இரண்டும் கலந்து என்பது என் பரிந்துரை. இறுகிய பனியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஈர ஐஸில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. வெட்டிய ரப்பரைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், நான் இதைக் கடைசி வழியாகவே வைப்பேன்.

ஐஸுக்கு ஸ்குரூ வகை ஸ்டட், அதாவது ரப்பர் கட்டையில் திருகி ஏற்றும் கடினமான முனை, நல்லது. டங்ஸ்டன் கார்பைடு முனை உள்ளதை வாங்குங்கள். சாதாரண ஸ்குரூவின் தலை கான்கிரீட்டில் சீக்கிரம் மழுங்கிவிடும். நீளத்தைத் தேர்வதில்தான் தவறு நடக்கிறது. ரப்பருக்குள் போகும் திருகுப் பகுதி, டயரின் உள்நூல் அடுக்கைத் தொடவே கூடாது. கட்டைக்கு அடியில் குறைந்தது 3 மி.மீ. ரப்பர் மிச்சமிருக்க வேண்டும். தேய்ந்த டயரில் கட்டை உயரத்தைப் பல இடங்களில் அளந்து, அதில் மிகக் குறைந்ததைக் கணக்கில் எடுங்கள். நூலடுக்கைத் துளைத்தால் காற்று இறங்குவது மட்டுமல்ல, ஈரம் உள்ளே போய் அடுக்கையே பிரித்துவிடும். டயருக்குள் எடைக்காக ஊற்றிய உப்புக் கரைசல் இருந்தால் அது கசிந்து ரிம்மையும் அரிக்கும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது ஏற்றாதீர்கள். கொட்டகைக்குள் வைத்து ரப்பர் இளகிய பிறகு, சோப்பு நீர் தொட்டு, டிரில்லை மெதுவாகச் சுழலவிட்டு ஏற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் திருகு ரப்பரைக் கிழித்து ஓட்டையைப் பெரிதாக்கும், பிறகு ஸ்டட் நிற்காது. தலை ரப்பரில் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். டயர் தரையைத் தொடும் பரப்பில் எப்போதும் நாலைந்து ஸ்டட்களாவது இருக்கும்படி பரப்புங்கள். பின்டயரில் ஒரு கட்டைக்கு இரண்டு, ஒன்றில் வெளிப்பக்கமும் அடுத்ததில் உட்பக்கமுமாக மாற்றி மாற்றி வைத்தால் அது கிடைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் வைத்தால் ஐஸில் ஒரே கோட்டைத்தான் திரும்பத் திரும்பக் கீறும்.

பனி, ஐஸ் இரண்டுக்கும் ஒரே பதில் வேண்டுமென்றால் அது டயரைச் சுற்றி மாட்டும் செயின்தான். ஏணி வடிவச் செயினில் குறுக்குச் சங்கிலிகளின் இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள். நான்கு கண்ணிக்கு ஒன்று என்பது மலிவு. ஆனால் ஆர்-1 டயரில் அது கட்டைகளின் நடுப்பள்ளத்தில் விழுந்து கிடக்கும், தரையையே தொடாது. இரண்டு கண்ணிக்கு ஒன்று, அல்லது வைர வடிவ வலைச் செயின் எடுங்கள். வைர வலை பக்கவாட்டு நழுவலையும் பிடிக்கும், ஓட்டமும் குலுங்காது. மாட்டும்போது கொக்கிகளின் திறந்த முனை டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும். மாட்டிய பிறகு சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, இன்னொரு முறை இறுக்குங்கள். மட்கார்டு, லோடர் சட்டம், ஸ்டீயரிங் கம்பி இவற்றுக்கும் செயினுக்கும் இடையே 5 செ.மீ. இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் பின்சக்கரத்துக்கு மாட்டுங்கள்.

காரணம் பிரேக். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின் அச்சில் மட்டும்தான் இருக்கிறது. லோடரில் சுமையோடு சரிவில் இறங்கினால் எடை முன்னுக்குப் போய்ப் பின்சக்கரம் மிதக்கும், பிரேக் மிதித்தாலும் வெறுமனே சறுக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிடுங்கள். அப்போது பின் பிரேக்கின் பிடி கியர் வழியாக முன்சக்கரத்துக்கும் போகும். பாதிச் சரிவில் சறுக்க ஆரம்பித்த பிறகு போட முயல்வது பயன் தராது.

பின்பக்க எடையும் இதற்குத்தான் வேண்டும். முன்பின் அச்சுகளுக்கு இடையே 1.7 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி 200 கிலோ தொங்கவிட்டால், முன் அச்சிலிருந்து 141 கிலோ குறையும், பின் அச்சில் 341 கிலோ ஏறும். டயருக்குள் திரவம் நிரப்புவது இன்னொரு வழி. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அந்த மட்டம் வரை, அதாவது 75 சதவீதம், நிரப்ப வேண்டும். 12.4-24 அளவுள்ள டயருக்குச் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். 125 லிட்டர் நீரில் 52 கிலோ கால்சியம் குளோரைடு செதிலைக் கரைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும், எடை 177 கிலோ, மைனஸ் 24 டிகிரி வரை உறையாது. நீரில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கரையும்போது நன்றாகச் சூடாகும். டியூப் இல்லாமல் இதை ஊற்றினால் ரிம் துருப்பிடிக்கும். எத்திலீன் கிளைக்கால் வேண்டாம், இனிப்பாக இருப்பதால் கசிந்ததை விலங்குகள் நக்கிச் சாகும்.

காற்றழுத்தத்தைக் குளிரிலேயே அளந்து சரிசெய்யுங்கள். 20 டிகிரியில் 15 பிஎஸ்ஐ வைத்த டயர், மைனஸ் 10 டிகிரியில் 12 பிஎஸ்ஐக்கு இறங்கியிருக்கும். ஆழமான பனிக்காகப் பின்டயரில் கொஞ்சம் குறைக்கலாம், அந்தச் சுமைக்கு டயர் நிறுவன அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே போகக் கூடாது. லோடர் உள்ள வண்டியின் முன்டயரில் குறைக்கவே வேண்டாம், வாளி நிறைந்ததும் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் பின்னெடை, அடுத்து பின்சக்கரத்துக்கு வைர வலைச் செயின், அதற்கும் மூக்கு இழுத்தால் முன்டயரில் ஸ்டட். சிமெண்ட் தளத்தையோ தார்த் தளத்தையோ காப்பாற்ற வேண்டுமென்றால், ஸ்டட், செயின் இரண்டுமே அதைக் கீறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பொதுச்சாலையில் ஸ்டட்டுக்குத் தடை உள்ள இடங்களும் உண்டு. அங்கே நினைத்தபோது கழற்றி மாட்டக்கூடிய செயினே வசதி.