ரிம்வேர்ல்டு பட்டறை: சுவரைக் கடைசியில் வையுங்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரிம்வேர்ல்டு ஆடுகிறார், வேற்றுக் கிரகத்தில் ஒரு குடியிருப்பைக் கட்டி ஆட்களை வேலை வாங்கும் கணினி விளையாட்டு அது. காலனி, அதாவது அந்தக் குடியிருப்பு, நன்றாகப் போகிறது, தொல்லை பட்டறையில்தான். "எங்க ஊர் டீ ஃபேக்டரி மாதிரி ஒரு வேலைக்கு ஒரு அறைன்னு வரிசையா கட்டினேன். தையல், கல் வெட்டறது, கொல்லுப்பட்டறை, சிற்பம், எல்லாம் தனித்தனி. இப்போ துப்பாக்கி செய்யற மெஷினிங் டேபிள் வந்தாச்சு, அடுத்து நுட்பமான பொருள் செய்யற ஃபேப்ரிகேஷன் பெஞ்ச். வைக்க இடமே இல்லை. ஒவ்வொரு தடவையும் சுவரை இடிச்சுக் கட்டறேன். ஆளுங்க பாதி நாள் நடந்துக்கிட்டே இருக்காங்க. எப்படி மாத்தறது? மலையைக் குடைஞ்சு கட்டினா தேவலையா?"

தம்பி, டீ ஃபேக்டரியைப் பார்த்தது சரி, அதில் பார்த்த விஷயம்தான் தப்பு. அங்கே ஒரே இலை ஒரே வழியில் போகிறது: மேல் மாடியில் வாட்டி, கீழே இறக்கி, சிடிசி மெஷினில் அரைத்து, நொதிக்கவிட்டு, டிரையரில் போட்டு, சலித்துத் தரம் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். அதனால் வரிசை பொருந்துகிறது. ரிம்வேர்ல்டில் அப்படி ஒரு வழியே கிடையாது. ஒரே இரும்புக் குவியலிலிருந்து கொல்லன் எடுக்கிறான், மெஷினிங் டேபிள்காரி எடுக்கிறாள், நாளைக்கு ஃபேப்ரிகேஷன் பெஞ்சும் எடுக்கும். பத்து மேசைக்கும் நடுவில் ஒரு சரக்குக் குவியல், அவ்வளவுதான் அமைப்பு. இதை வரிசையாகப் பிரித்தால் ஒவ்வொருவரும் நாலு கதவைத் தாண்டித்தான் இரும்பைத் தொட முடியும். இன்னொன்றையும் கவனியுங்கள், டீ ஃபேக்டரியிலேயே நொதிக்கும் இடத்தைப் பிரித்து வைத்திருப்பது அது குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும், டிரையரின் சூடு அங்கே வரக்கூடாது என்பதற்காக. காரணம் இருக்கிற இடத்தில்தான் தடுப்பு.

விளையாட்டில் அப்படிப்பட்ட காரணங்கள் கொஞ்சம்தான். சமையலறை தனியாக வேண்டும், ஏனென்றால் அறை அழுக்கானால் உணவு விஷமாகும் வாய்ப்பு கூடும். அதற்குள் கறி வெட்டும் மேசையை மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்த மேசைக்கே சுத்தத்தில் மைனஸ் 15 இருக்கிறது, எவ்வளவு பெருக்கினாலும் போகாது. ஆராய்ச்சி அறையில் சுத்தம் குறைந்தால் ஆராய்ச்சி வேகம் குறையும், அதனால் அதுவும் தனி. மருத்துவ அறை, ஃப்ரீசர் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெடித்துத் தீப்பிடிக்கக்கூடிய கெம்ஃபியூல் எரிபொருள், மோர்ட்டார் பீரங்கிக் குண்டு, பேட்டரி ஆகியவற்றைப் பட்டறைக்குள் வைக்காமல் தள்ளி, கல் சுவருக்குள் வையுங்கள். மற்றபடி தையல், கொல்லுப்பட்டறை, மெஷினிங், ஃபேப்ரிகேஷன், சிற்பம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. தரை அழுக்கானால் தையல் மெதுவாகும் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆகாது.

அப்போ ஒரே பெரிய கூடம். அளவு சொல்கிறேன், விளையாட்டின் தரை சதுரக் கட்டங்களால் ஆனது. கூரைக்குச் சுவரோ தூணோ ஆறு கட்டத்துக்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விழும். அதனால் உள்ளகலம் 11 கட்டம் என்று வைத்துக்கொண்டால் நடுவில் தூணே தேவைப்படாது, நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். அந்தப் பதினொன்றை இப்படிப் பிரிக்கிறேன்: ஒரு பக்கச் சுவரை ஒட்டி மேசைக்கு ஒரு கட்டம், முன்னால் ஸ்டூலுக்கு ஒன்று, நடைபாதைக்கு இரண்டு, நடுவில் மூன்று, மறுபடி நடைபாதை இரண்டு, ஸ்டூல், மேசை. நடு மூன்றில் இரண்டு ஓரமும் ஷெல்ஃப், அவற்றுக்கு இடையில் ஒரு வரிசை டூல் கேபினட், பக்கத்து மேசைகளின் வேலையை வேகப்படுத்தும் கருவி அலமாரி. கேபினட்டை யாரும் போய்த் தொட வேண்டியதில்லை, எட்டுகிற தூரத்தில் நின்றால் போதும், அதனால்தான் அதை உள்ளே புதைக்கிறோம். ஒரு மேசைக்கு அதிகபட்சம் இரண்டு கேபினட் கணக்கில் வரும், ஒவ்வொன்றும் வேலை வேகத்தை 6 சதவீதம் கூட்டும். ஆனால் ஒரே கேபினட் சுற்றியுள்ள எத்தனை மேசைக்கும் உதவும். தனித்தனி அறை கட்டியபோது அறைக்கு இரண்டு என்று எத்தனை கேபினட் செய்திருப்பீர்கள், யோசித்துப் பாருங்கள்.

நீளவாக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தையல், மெஷினிங், சிற்ப மேசைகள் மூன்று கட்ட நீளம், ஆகவே எல்லோரும் மூன்று மூன்றாகப் பிரித்துவிடுகிறார்கள், அப்புறம் ஃபேப்ரிகேஷன் பெஞ்ச் வந்து நிற்கும்போது அது ஐந்துக்கு இரண்டு. முதலிலேயே ஒவ்வொரு மேசைக்கும் ஐந்து கட்டம் ஒதுக்குங்கள். மீதியுள்ள இரண்டில் ஒன்றில் விளக்கு, இன்னொன்று சும்மா கிடக்கட்டும். பெரிய பெஞ்ச் வரும்போது அந்த இடத்தின் நடைபாதை மட்டும் ஒரு கட்டம் குறுகும், அந்த விளக்கையும் ஸ்டூலையும் தவிர வேறெதையும் அசைக்க வேண்டாம். மேசைகளை ரீஇன்ஸ்டால் செய்து நகர்த்தவும் முடியும் என்பதால் எந்த ஐந்தில் எது என்று இப்போதே முடிவுகட்டத் தேவையில்லை. ப்ளான் கருவியால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். கூடத்தின் ஒரு முனையை வளர்ச்சிக்கு விடுங்கள். அந்தப் பக்கச் சுவருக்கு வெளியே ஃப்ரீசர், ஜெயில், தோட்டம் என்று எதையாவது ஒட்டிவைத்தால் அத்தோடு கதை முடிந்தது.

எந்த மேசை எங்கே? வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்குள் எத்தனை தடவை சரக்கு எடுக்கப் போக வேண்டும் என்று மட்டும் பாருங்கள். சிற்பி ஒரு பெரிய சிலைக்கு ஒருமுறை கல்லைச் சேர்த்துவிட்டால் நாள்கணக்கில் உட்கார்ந்து செதுக்குவார். அவரைக் கூடத்தின் கடைசி மூலையில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. கல் வெட்டுகிறவர் நிலைமை நேரெதிர். ஒரு பாறைத்துண்டைத் தூக்கி வர வேண்டும், வெட்டினால் 20 கல், உடனே அடுத்த துண்டுக்குக் கிளம்ப வேண்டும். துண்டு முப்பது கட்டம் தள்ளிக் கிடந்தால் அவர் கல் வெட்டுகிற ஆளாக இல்லாமல் சுமை தூக்குகிற ஆளாகிவிடுவார். ஆகவே கல் வெட்டும் மேசையை வாசலோரம் வைத்து, கதவுக்கு வெளியே கூரை போட்டு, பாறைத்துண்டுக்கென்றே ஒரு சின்ன இடம் ஒதுக்குங்கள். துண்டுகள் உள்ளே கிடந்தால் பார்க்கவும் அசிங்கம், அந்த அசிங்கம் ஆட்களின் மனநிலையிலும் ஏறும். சமையலும் இதே வகைதான், ஒரு சாப்பாடு சட்டென்று முடிந்துவிடும், அதனால் ஃப்ரீசர் கதவு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நாலு சாப்பாடு சேர்த்துச் சமைக்கும் பில்லை, அதாவது மேசைக்குக் கொடுக்கும் வேலை உத்தரவைப் போட்டால் நடை இன்னும் குறையும்.

ஷெல்ஃபுக்கு வருவோம், பாதி வேலையைச் செய்வது அதுதான். 2022-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து ஷெல்ஃபின் ஒரு கட்டத்தில் மூன்று அடுக்கு நிற்கும், இரண்டு கட்ட ஷெல்ஃபில் ஆறு. இரும்பு ஒரு அடுக்குக்கு 75 என்றால் ஒரே ஷெல்ஃபில் 450. பட்டறை ஷெல்ஃபுகளில் எல்லாவற்றையும் டிக் செய்துவிடாமல், இரும்பு, துணி, தோல், காம்பொனன்ட் (இயந்திர உதிரிபாகம்) என்று வேலைக்கு வேண்டியதை மட்டும் அனுமதித்து, முன்னுரிமையைப் பெரிய கிடங்கைவிட ஒரு படி மேலே வையுங்கள். கிடங்கிலிருந்து சும்மா இருக்கிற ஆட்கள் தாமாகவே நிரப்புவார்கள், கைவினைஞர் கூடத்தை விட்டு வெளியே வரவே வேண்டாம். செய்து முடித்த பொருளுக்கு "தரையில் போடு" என்று பில்லில் மாற்றுங்கள். நல்ல திறமையுள்ள ஆள் தான் தைத்த பார்க்கா என்ற குளிர்க்கோட்டைத் தானே சுமந்துகொண்டு கிடங்குக்கு நடப்பது மாதிரி வீண் வேறு இல்லை.

பெரிய கூடத்துக்கு ஒரே குறை சூடு. குளிர்ப் பிரதேசத்தில் ஒரு ஹீட்டர் சின்ன அறையைச் சமாளிக்கும், இதைச் சமாளிக்காது, நீளத்தில் பரவலாகச் சிலதை வைக்க வேண்டும். மேசை இருக்கும் இடம் ரொம்பக் குளிர்ந்தாலோ சூடானாலோ வேலை வேகம் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். டிசம்பரில் உறைபனி விழுகிற காலையில் பைக் சாவி திருப்பியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிச்சமும் பாருங்கள், இருட்டில் 80 சதவீதம்தான், பாதி வெளிச்சம் இருந்தாலே முழு வேகம்.

மலையைக் குடைவது? செய்யலாம். விரிவாக்கம் என்பது வெறும் தோண்டல்தான், மோர்ட்டார் குண்டும், எதிரிகளை வானத்திலிருந்து இறக்கும் டிராப் பாடும் தடித்த மலைக்கூரையைத் துளைத்து வராது. ஆனால் பூச்சிக் கூட்டம் வருவதும் அதே தடித்த கூரைக்குக் கீழேதான், விலையுயர்ந்த பெஞ்சுகளுக்கு நடுவில் அவை முளைத்தால் தாங்காது. என் யோசனை: பட்டறை மலையடிவாரத்தில் வெளியே, படுக்கையறைகள் உள்ளே.

இதே வகை விளையாட்டான டுவார்ஃப் ஃபோர்ட்ரஸும் ஆடுகிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே பெரும்பாலான பட்டறைகள் தாமே மூன்றுக்கு மூன்று, அறை என்பது நீங்களாகத் தோண்டுவது. அங்கேயும் சரக்கை நடுவில் வைக்கலாம், அல்லது படிக்கட்டுக்கு மேல் தளத்தில் வைத்து அந்தச் சரக்கிடத்தைப் பட்டறையோடு இணைக்கும் ஸ்டாக்பைல் லிங்க் கொடுக்கலாம்.

கடைசியாக, இருப்பதை எப்படி மாற்றுவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் இடிக்காதீர்கள். ஒட்டியிருக்கிற இரண்டு அறைகளில் தொடங்குங்கள், தையலும் கொல்லுப்பட்டறையும் பக்கத்தில் என்றால் அவை. நடுச்சுவரை எடுக்கும் முன் எஞ்சுகிற சுவர்களுக்கு இடையே எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் முதலில் நடுவில் ஒரு தூணை நிறுத்திவிட்டு அப்புறம் இடியுங்கள். பழைய கதவுகள் இருக்கும் இடத்தில் சுவரை மூடி, கிடங்கைப் பார்த்த பக்கம் ஒன்று, கல் வெட்டும் பக்கம் ஒன்று என்று இரண்டே கதவு வையுங்கள். ஷெல்ஃபுகளை முதலில் நிரப்பவிட்டு, அதற்குப் பிறகு மேசைகளை ஒவ்வொன்றாக ரீஇன்ஸ்டால் செய்தால் வேலை நிற்காது. ஃபேப்ரிகேஷன் பெஞ்சுக்கு இப்போதே ஒரு ஐந்து கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அந்த ஆராய்ச்சியைத் தொடங்குங்கள்.