சுருளை அளந்து பாருங்கள்

*ஐயா,*

*அமெரிக்காவில் பிறந்த மார்மன் சமயத்துக்காக வாதாடுகிறவர்களின் எழுத்துகளை ஆறேழு மாதமாக வாசித்து வருகிறேன். வெளியாட்களோடு போடும் சண்டையைவிட இவர்கள் தங்களுக்குள் போடும் சண்டைதான் பெரிதாக இருக்கிறது. அவர்களுடைய வேதமான மார்மன் நூலில் வரும் சம்பவங்கள் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் நடந்தன என்கிறது ஒரு கட்சி. இல்லை, மிசிசிப்பி ஆற்றங்கரையில்தான் என்கிறது இன்னொரு கட்சி. ஒரே நம்பிக்கையைக் காப்பவர்கள் ஏன் இப்படி மோதிக்கொள்கிறார்கள்? யார் கை ஓங்கியிருக்கிறது? நம்மூர் சைவ வைணவ வாதங்களோடு இதை ஒப்பிடலாமா? அவர்களுடைய இன்னொரு வேதநூலான ஆபிரகாம் நூலைப் பற்றிக் கேட்டால், மூலச் சுருள் எரிந்துபோய்விட்டது என்கிறார்கள். எனக்கு அது வெறும் சால்ஜாப்பாகப் படுகிறது. எல்லோரும் சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள்தானே?*

*எஸ்.*

அன்புள்ள எஸ்.,

ஆறு மாதம் உட்கார்ந்து வாசித்திருக்கிறீர்கள். நமக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒரு சமயத்தின் உள்வழக்கை இவ்வளவு பொறுமையாக வாசிப்பவர் அபூர்வம். அதனால்தான் உங்கள் கடைசி இரண்டு வரிகள் எனக்குக் கோபத்தை வரவழைத்தன. வாசிப்பு உங்களுக்குக் கொடுத்த உரிமையை அந்த இரண்டு வரியில் தூக்கி எறிந்துவிட்டீர்கள்.

சைவ வைணவ ஒப்பீடு இப்போது வேண்டாம். இரண்டில் ஒன்றையாவது முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகு ஒப்பிடலாம். ஒட்டும் உறவும் இல்லை என்றேன், அதில் ஒரு சிறு திருத்தம்: ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் 1853இல் நம் மதராசுக்கே வந்து, தன் சமயத்துக்காக வாதாடித் துண்டு நூல்களும் ஒரு மாத இதழும் அச்சிட்டார். அடுத்த வருடமே கப்பலேறிவிட்டார்.

சம்பளத்துக்கு எழுதுகிறார்கள் என்பது பாதிகூட உண்மையில்லை. ‘ஃபேர்’ என்ற தற்காப்பு அமைப்பு 1997இல் தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் தொண்டர்களால் நடப்பது. ஜான் வெல்ச் 1979இல் தொடங்கிய ‘ஃபார்ம்ஸ்’ என்ற ஆய்வு அமைப்பு நன்கொடையில் வளர்ந்தது. பிறகுதான், 1997இல், மார்மன் திருச்சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2006இல் அதன் பெயர் மேக்ஸ்வெல் நிறுவனம் என்றானது. 2012 ஜூனில், வெளிநாட்டில் பயணத்திலிருந்த டேனியல் பீட்டர்சனை அதன் விமர்சன இதழின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து மின்னஞ்சலிலேயே நீக்கினார்கள். 1989இல் அந்த இதழைத் தொடங்கியவர் அவர். ஊரிலிருந்து திரும்பிச் சில வாரங்களுக்குள் நண்பர்களைச் சேர்த்து ‘இன்டர்பிரட்டர்’ என்ற புது இதழை ஆரம்பித்துவிட்டார். சண்டை சம்பளத்துக்காக நடக்கவில்லை. எதிராளிக்கு வரிக்கு வரி பதிலடி கொடுப்பதா, சமயச் சார்பு பாராமல் பிற பல்கலைக்கழகங்களும் மதிக்கும் ஆய்வைச் செய்வதா என்பதுதான் வழக்கு.

நிலவரைபடச் சண்டையின் வேரும் இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவரான ஆர்சன் பிராட் 1879ஆம் ஆண்டுப் பதிப்பின் அடிக்குறிப்புகளில் இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் மார்மன் நூலின் களமாக்கிவிட்டார். 1920ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் குறிப்புகளைத் திருச்சபையே எடுத்துவிட்டது. காலியான இடத்துக்கு ஆள் வராமல் இருக்குமா? ஜான் சோரன்சன் 1985இல் களத்தை மெக்சிகோவின் தெவான்தெபெக் என்ற குறுகிய நிலப்பகுதியைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்துக்குள் சுருக்கினார். நூலில் வரும் சிதோன் ஆறு அவருக்குக் கிரிகால்வா ஆறு. அது வடக்கே ஓடிக் கடலில் சேர்கிறது, நூலின் வர்ணனையோடு பொருந்துகிறது. ஆனால் அவருடைய வரைபடம் ஒட்ட வேண்டுமானால் நூலின் வடதிசையைக் கணிசமாகத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. எதிர்க்கட்சி மிசிசிப்பியைச் சிதோன் என்கிறது. அதுவோ தெற்கே ஓடுகிறது. திருச்சபை எந்தப் பக்கமும் சாயவில்லை. இந்த வழக்கில் ஒரு கட்சி பழைய தலைவர்களின் வாக்கைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது, இன்னொரு கட்சி அகழாய்வைக் கூப்பிடுகிறது. சாட்சி யார் என்பதிலேயே உடன்பாடு இல்லாதபோது தீர்ப்பு வருவது எப்படி?

உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும். இனி ‘சால்ஜாப்பு’க்கு வருகிறேன். சில காலமாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

1835 ஜூலையில் அமெரிக்காவின் கர்ட்லண்ட் என்ற ஊரில், மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தும் அவரைப் பின்பற்றியவர்களும் மைக்கேல் சாண்ட்லர் என்பவரிடம் 2,400 டாலர் கொடுத்து நான்கு எகிப்திய மம்மிகளையும் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் சுருள்களையும் வாங்கினார்கள். அந்தச் சுருள்களிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி ஆபிரகாம் நூல் 1842இல் வெளியானது. ஸ்மித் கொல்லப்பட்ட பிறகு குடும்பம் 1856இல் அவற்றை விற்றது. ஒரு பகுதி சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய் 1871 பெருந்தீயில் அழிந்தது. மீதியிருந்த துண்டுகள் கைமாறி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 1967 நவம்பரில் 11 துண்டுகளைத் திருச்சபையிடம் ஒப்படைத்தார்கள். எகிப்தியம் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். முக்கியமான துண்டுகள் ஹோர் என்ற எகிப்தியப் பூசாரியின் சவப்பெட்டியில் வைத்த சுவாசச் சீட்டு, இறந்தவருக்கு மறுவுலகில் மூச்சு கிடைக்க எழுதித் தரும் மந்திரம். ஆபிரகாமின் பெயரே அதில் இல்லை. 2014இல் திருச்சபை வெளியிட்ட கட்டுரையும் இதை ஒத்துக்கொள்கிறது.

அப்போது எழுந்த வாதம்தான் தொலைந்த சுருள். ஹோரின் சுருளில் சுவாசச் சீட்டு முடிந்த பிறகு, உள்சுற்றில் வேறொரு நூலும் இருந்திருக்கலாம், அது சிகாகோவில் எரிந்திருக்கலாம் என்பது வாதம். இதில் கேலிக்கு இடமில்லை. ஒரே சுருளில் இரண்டு நூல்கள் எகிப்தில் நடந்ததுதான். நீண்ட சுருளைப் பார்த்ததாக 1843இல், அப்போது ஸ்மித் வாழ்ந்த நாவூ நகரிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதமும் இருக்கிறது. சால்ஜாப்பு என்று நீங்கள் சொன்னதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் அதைத் தேடவே இல்லை.

வழி எளிது. சுருட்டி வைத்த கோரைப்பாயை எலி கடித்தால் என்ன ஆகும்? விரித்துப் பார்த்தால் ஒரே ஓட்டை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். வெளிச்சுற்றில் ஓட்டைகளுக்கு இடையே தூரம் அதிகம். உள்ளே போகப் போகக் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு குறைகிறது என்பது பாயின் தடிமனைப் பொறுத்தது: தடிமனைப் போல 6.28 மடங்கு குறையும். பாயின் பாதி தொலைந்துபோனாலும், கையிலிருக்கும் பகுதியில் ஓட்டைகளின் தூரத்தை அளந்து, குறையும் வேகத்தைக் கண்டால், உள்ளே இன்னும் எத்தனை சுற்று இருந்தது என்று சொல்லிவிடலாம். ஹோரின் சுருளிலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் சேதம் இருக்கிறது.

விளங்குவதற்காக என் எண்களில் ஒரு கணக்கு போடுகிறேன். கையிலிருக்கும் கடைசிச் சுற்று 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நடுவில் சுற்றளவு 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சுருட்ட முடியாது, அங்கே நிறுத்துங்கள். சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் குறைகிறது என்றால் 9.2, 8.4, 7.6 என்று இறங்கி 9 சுற்றில் 2.8க்கு வந்துவிடும். கூட்டினால் 54 சென்டிமீட்டர். அதே சுருளில் சுற்றுக்கு 0.4 மில்லிமீட்டர்தான் குறைகிறது என்றால் 187 சுற்று போகும், நீளம் 1,167 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கும் ஒரு வீட்டுச் சுவருக்கும் உள்ள வித்தியாசம், அளவுகோலில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தில் ஒளிந்திருக்கிறது. தப்பு நடப்பதும் இந்த இடத்தில்தான். ஓட்டையின் எந்த விளிம்பிலிருந்து அளப்பது? துண்டுகளை அந்தக் காலத்திலேயே காகிதத்தில் ஒட்டிவிட்டார்கள், ஒட்டும்போது நகர்ந்திருந்தால்? இரண்டே சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டர் பிழை மொத்தத்தையும் தின்றுவிடும். பல இடங்களில் அளந்து சராசரி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஜான் ஜீ என்ற எகிப்தியலாளர், தற்காப்பு அணியின் முதன்மையானவர், 2008இல் வெளியிட்ட கணக்கில் தொலைந்த பகுதி ஏறக்குறைய 41 அடி, அதாவது பன்னிரண்டரை மீட்டர். ஆண்ட்ரூ குக்கும் கிறிஸ்டோபர் ஸ்மித்தும் 2010இல் துண்டுகளை அளந்து வெளியிட்ட கணக்கில் 56 சென்டிமீட்டர். ஜீ 2012இல் டொரன்டோ அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சுருளில் சூத்திரங்களைச் சோதித்துப் பதில் எழுதினார். குக் மறுபதில் எழுதினார்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். 41 அடி நிற்காது. மேலே நான் போட்ட இரண்டாவது கணக்கை மறுபடி பாருங்கள். சுற்றுக்கு 0.4 மில்லிமீட்டர் என்றால் தடிமன் 0.064 மில்லிமீட்டர். உங்கள் மேசையிலிருக்கும் ஏ4 தாள் 0.1 மில்லிமீட்டர். பாப்பிரஸ் என்பது நாணல் தண்டைச் சீவி, ஒரு அடுக்கைக் குறுக்காகவும் ஒரு அடுக்கை நெடுக்காகவும் வைத்து அழுத்திச் செய்வது. இரண்டு அடுக்கு நாணல் இயந்திரத்தில் செய்த தாளைவிட மெலிதாக இருந்து, ஒரு முடியளவு காற்றுகூடப் புகாமல் சுருட்டியிருந்தால்தான் பதினொன்று பன்னிரண்டு மீட்டர் வரும். இன்னொரு திசையிலிருந்தும் வாருங்கள். சுவாசச் சீட்டுக்கு வேறு பிரதிகள் உண்டு. அவற்றை வைத்து, ஹோரின் பிரதியில் விடுபட்ட பகுதிக்கு எவ்வளவு இடம் தேவை என்று சிகாகோவின் எகிப்தியலாளர் கிளௌஸ் பேயர் 1968இலேயே மதிப்பிட்டார்: 60 முதல் 65 சென்டிமீட்டர். அவர் ஓட்டையை அளக்கவில்லை, எழுத்தை அளந்தார். 42 வருடம் கழித்து ஓட்டையை அளந்தவர்கள் அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒன்றையொன்று பாராத இரண்டு அளவைகள் ஒத்துப்போனால் நான் அவற்றின் பக்கம்தான் நிற்பேன்.

பேயரைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும் எஸ். தற்காப்பு எழுத்தின் தந்தை என்று மார்மன்கள் கொண்டாடும் ஹியூ நிப்ளிக்கு எகிப்தியம் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். சீடன் ஒரு சமயத்தின் வழக்கறிஞர். ஆசிரியர் அந்த வழக்கின் அடித்தளத்தைக் கலைக்கும் மொழிபெயர்ப்பைச் செய்தவர். இருவரும் கடைசிவரை நட்பாகவே இருந்தார்கள். அடுத்த தலைமுறையில் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரிட்னர் ஆசிரியர், ஜான் ஜீ மாணவர். பிறகு ரிட்னர் ஆபிரகாம் நூலின் மிகக் கடுமையான விமர்சகரானார். இந்த இருவருக்கிடையே அந்த நட்பு வாய்க்கவில்லை. ஜீயோடு தோளோடு தோள் நின்று ஆபிரகாம் நூலைக் காத்துவந்த பிரையன் ஹாக்லிட், அதன் கையெழுத்துப் பிரதிகளைத் திருச்சபைக்காக 2018இல் பதிப்பித்த கையோடு, ஜீயின் அணுகுமுறையிலிருந்து விலகிவிட்டதாகப் பகிரங்கமாக அறிவித்தார். அந்தப் பதிப்பைக் குறை சொல்லி ஜீ எழுதினார். வெளியே இருக்கும் விமர்சகனால் இவர்களை இவ்வளவு நகர்த்த முடிந்ததில்லை. ஒரே பிரதியை ஒரே மேசையில் வைத்துப் பார்த்த சகபாடிதான் நகர்த்துகிறான்.

அளக்காமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 1984 இருக்கிறது. ஸ்மித்தின் ஆரம்பகாலச் சீடர் மார்ட்டின் ஹாரிஸ் 1830இல் எழுதியதாகச் சொல்லி ஒரு கடிதம் வெளிவந்தது. மார்மன் நூல் பொறிக்கப்பட்டிருந்ததாக நம்பப்படும் தங்கத் தகடுகளைக் காத்தது தேவதூதன் அல்ல, பல்லியைப் போன்ற ஒரு வெள்ளைச் சாலமாண்டர் என்றது அது. காப்பவர்களில் பலர் அதற்குப் பொருத்தமான விளக்கம் தேடப் புறப்பட்டார்கள். தீயில் வாழும் தெய்வீக உயிரைப் பழங்காலத்தில் அப்படி அழைத்ததுண்டு என்றெல்லாம் சொன்னார்கள். கடிதத்தைச் சந்தேகித்து அந்த வருடமே எழுதியவர் யார் தெரியுமா? ஜெரால்ட் டானர், மார்மன் சமயத்தை விட்டு வெளியேறி வாழ்நாளெல்லாம் அதை எதிர்த்தவர். அந்தக் கடிதம் உண்மையாக இருந்தால் அவருக்குத்தான் லாபம். இருந்தும் அதன் வாசகங்கள் பழைய நூல் ஒன்றோடு ஒத்துப்போவதைக் கண்டு, இது சரியில்லை என்றார். கடிதத்தை உருவாக்கியவர் மார்க் ஹாஃப்மன் என்ற மோசடிக்காரர். உண்மை வெளிவருவதற்குள் அவர் வைத்த குண்டுகளில் 1985 அக்டோபரில் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

டானரின் பக்கத்தில் உங்கள் ‘சால்ஜாப்பு’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். உங்கள் முடிவு சரியாகவே இருக்கலாம், எனக்கும் ஏறக்குறைய அதே முடிவுதான். ஆனால் நீங்கள் அங்கே நடந்து போகவில்லை.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பழைய நாள்காட்டியின் தாள்களை நீளவாக்கில் ஒட்டி ஐந்து மீட்டர் செய்யுங்கள். பாப்பிரஸைப் போலக் கொஞ்சம் தொளதொளவென்று சுருட்டுங்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு. விரித்து, வெளிப்பக்கத்து ஆறு வெட்டுகளின் இடைவெளியை மட்டும் அளந்து, மீதி நீளத்தைக் கணக்கிடுங்கள். பிறகு டேப்பை வைத்து உண்மை நீளத்தைப் பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்ற கேள்வியை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.