எல்லாக் கஷ்டமும் ஒருத்தி வந்த நேரத்தாலா?

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. இரண்டாம் வருஷமே கணவரின் கடை நஷ்டப்பட்டு மூடினோம், அப்புறம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து ‘இவள் கால் வைத்த நேரம்’ என்ற பேச்சு ஓயவில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, இலக்கியம் படித்த என் நாத்தனார் பண்டோரா கதையைச் சொல்லி, ‘உலகத்துக் கஷ்டமெல்லாம் ஒரு பெண்ணால்தான் வந்தது என்று கிரேக்கர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்’ என்று முடித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அந்தக் கதை அப்படித்தான் சொல்கிறதா? ஒருவேளை என்னிடம்தான் ஏதோ இருக்கிறதோ என்று எனக்கே தோன்றுகிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, கடை மூடியதற்கும் உங்கள் மாமியாரின் பக்கவாதத்துக்கும் நீங்கள் காரணம் இல்லை. இதை வீட்டில் யாராவது உங்கள் முகத்தைப் பார்த்து என்றோ சொல்லியிருக்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பெரிய காரணம் உயர் ரத்த அழுத்தம், அதை எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

இனி கதைக்கு வருவோம். உங்கள் நாத்தனார் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியை விட்டுவிட்டார். பண்டோராவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பாட்டு ஹெசியட் என்ற கிரேக்கக் கவிஞருடையது, கி.மு. 700-ஐ ஒட்டிய காலம். ‘வேலைகளும் நாட்களும்’ என்ற அந்த நூலில் அவர் சொல்வது இதுதான்: ப்ரொமிதியஸ் என்ற தேவன் தெய்வங்களின் அரசரான ஜீயஸை ஏமாற்றுகிறான், கோபத்தில் ஜீயஸ் மனிதர்களிடமிருந்து நெருப்பை மறைக்கிறார், ப்ரொமிதியஸ் அதைத் திருடி ஒரு செடியின் தண்டுக்குள் வைத்து எடுத்துவந்து மனிதர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். அதற்குப் பழிவாங்கத்தான் ஜீயஸ் மண்ணையும் தண்ணீரையும் பிசைந்து ஒரு பெண்ணைச் செய்யச் சொல்கிறார், அவள்தான் பண்டோரா. அழகைக் கொடுப்பது ஒரு தெய்வம், நெசவைக் கற்றுக்கொடுப்பது ஒரு தெய்வம், வஞ்சகத்தை நெஞ்சில் வைப்பதும் ஹெர்மிஸ் என்ற தெய்வம்தான், அதுவும் ஜீயஸின் உத்தரவுப்படி. ‘ஜீயஸிடமிருந்து எந்தப் பரிசு வந்தாலும் வாங்காதே’ என்று ப்ரொமிதியஸ் தன் தம்பி எபிமிதியஸிடம் முன்பே எச்சரித்திருக்கிறான், தம்பி அதை மறந்துவிட்டு அவளை ஏற்றுக்கொள்கிறான். அவள் ஒரு பெரிய மண்தாழியின் மூடியைத் திறக்கிறாள், துன்பங்கள் வெளியே பரவுகின்றன, நம்பிக்கை மட்டும் விளிம்புக்கு அடியில் தங்கிவிடுகிறது. அது தங்கியதும் ஜீயஸின் விருப்பம் என்றே ஹெசியட் சொல்கிறார்.

திறக்காதே என்று அவளை யாரும் தடுத்ததாக ஹெசியட்டின் வரிகளில் இல்லை. ஆர்வக் கோளாறால் திறந்தாள் என்பதும் இல்லை. அந்தத் தாழி யாருடையது, எங்கிருந்து வந்தது என்றுகூட அவர் சொல்வதில்லை. ஏமாற்றியவன் ஒருவன், பழிவாங்கியவர் ஒருவர், எச்சரிக்கையை மறந்தவன் ஒருவன், இத்தனை பேருக்குப் பிறகு வரிசையில் கடைசியாக வந்தவள் தலையில் எல்லாவற்றையும் இறக்கி வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. கடை ஏன் நஷ்டப்பட்டது என்று ஒருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹெசியட்டை நான் காப்பாற்றப் பார்க்கவில்லை. பெண்களைப் பற்றி அவர் எழுதியது கடுமையானது, ‘தியோகோனி’ என்ற இன்னொரு நூலில் பெண் இனமே ஆண்களுக்கு வந்த கேடு என்கிறார். ஆனால் யார், எந்த மனநிலையில் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். வறுமைக்குப் பயந்து கடல் கடந்து வந்த ஒருவரின் மகன் அவர். குளிரில் மோசம், வெயிலில் கொடுமை என்று அவரே திட்டுகிற அஸ்க்ரா என்ற ஊரில் விவசாயம் பார்க்கிறார். சொத்துப் பங்கில் தம்பி பெர்ஸிஸ் லஞ்சம் வாங்கும் பெரிய மனிதர்களைச் சரிக்கட்டித் தன்னிடமிருந்து அதிகமாக எடுத்துக்கொண்டான் என்பது அவருடைய மனக்குறை, அந்தத் தம்பிக்குப் புத்தி சொல்லத்தான் அந்த நூலே. அதே நூலில் பண்டோரா கதை முடிந்த கையோடு, வேண்டுமானால் இன்னொரு கதையும் சொல்கிறேன் என்று ஐந்து தலைமுறை மனிதர்களைப் பற்றி ஆரம்பிக்கிறார். பொன், வெள்ளி, வெண்கலம், வீரர்கள், கடைசியில் நாம் வாழும் இரும்பு. அந்தக் கதையில் வெள்ளித் தலைமுறை தன் ஆணவத்தால் அழிகிறது, வெண்கலத் தலைமுறை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு அழிகிறது, பண்டோரா என்ற பெயரே அதில் வருவதில்லை. துன்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே கவிஞர் ஒரே நூலில் இரண்டு பதில் வைத்திருக்கும்போது, ஒன்றை மட்டும் எடுத்துப் பந்தியில் பரிமாறியது நியாயமே இல்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது ஹோமர் என்ற இன்னொரு கிரேக்கக் கவிஞரின் போர்க் காவியமான இலியட்டில் இருக்கிறது. கிரேக்க அரசன் ஒருவனின் மனைவியாக இருந்து, ட்ராய் இளவரசன் பாரிஸோடு அந்த நகரத்துக்கு மருமகளாக வந்தவள் ஹெலன், அவளை மீட்கத்தான் கிரேக்கர்கள் படையோடு வந்து பல வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். அவள் கோட்டை மதிலுக்கு வரும்போது ஊர்ப் பெரியவர்கள் அவள் அழகை வியந்தாலும், நமக்கும் பிள்ளைகளுக்கும் கேடாக இங்கே இருக்காமல் போய்விடட்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். மாமனார் ப்ரியம், 50 மகன்களைப் பெற்றுப் பலரை இந்தப் போரில் பறிகொடுக்கும் கிழவர், அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ‘உன் மேல் குற்றம் இல்லையம்மா, தெய்வங்கள்தான் காரணம்’ என்கிறார். அத்தனை பெரியவர்கள் இருக்கும் இடத்தில்! ஹெலனோ தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பவள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அவள் நினைவுதான் வந்தது, ஆனால் அவளுக்காவது அந்தப் போரோடு சம்பந்தம் உண்டு, உங்களுக்குக் கடை நஷ்டத்தோடு அதுகூட இல்லை.

இலியட்டின் கடைசியில் கணவனின் அண்ணன் ஹெக்டர் இறந்து கிடக்கும்போது ஹெலன் ஒப்பாரி வைக்கிறாள். வந்து இருபதாம் வருஷம் ஆகிறது, உன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறாள். மைத்துனரோ நாத்தனாரோ ஓரகத்தியோ மாமியாரோ ஏதாவது குத்திப் பேசினால் நீதான் மெதுவாகப் பேசி அவர்களை அடக்குவாய், இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகிறாள். எவ்வளவு பழைய அழுகை பாருங்கள்.

உங்கள் வீட்டில் அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் உங்கள் கணவர். நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வது என்பதைவிட அவர் ஏன் தலை குனிந்து சாப்பிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடை போனதில் அவருக்கு அவமானம் இருக்கும், பழி உங்கள் மேல் விழும்போது தனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது என்றுகூட இருக்கலாம், அவரே அதை உணராமல். அடுத்த விசேஷம் வருவதற்குள் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கடை ஏன் மூடியது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள், கடன், வாடகை, வராத பாக்கி எல்லாவற்றையும். பிறகு, ‘இது அவளால் இல்லை’ என்று அக்காவிடம் அவர் ஒரே ஒருமுறை, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். சண்டை போடச் சொல்லவில்லை, ஹெக்டர் மாதிரி மெதுவாகச் சொன்னாலே போதும்.

அவர் சொல்லத் தயங்கினால் நீங்களே சொல்லலாம்: ‘அண்ணி, ப்ரியம் ஹெலனிடம் என்ன சொன்னார் என்று அதையும் சொல்லுங்களேன்.’ படித்தவர், அவருக்குப் புரியும். பேச்சு பேச்சோடு நிற்காமல் கை ஓங்குவது, வெளியே போகச் சொல்வது என்று போனால் தாமதிக்காமல் 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கணவரிடம் பேசிய பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.